சந்தையும் சபையும்

மக்கள் கூடும் இடங்கள் பல. வழிபாட்டிற்குக் கோயிலிலே கூடுகின்றனர். கல்விக்குப் பள்ளியிலே கூடுகின்றனர். கொண்டும் கொடுத்தும் வாழ்தற்பொருட்டுக் கூடுமிடம் சந்தை. பொதுக்கருமங்களை ஆராய்ந்து முடிவு செய்தற்பொருட்டுக் கூடுமிடம் சபை. சந்தை வணிகருக்கு உரியது, சபை அரசியலாளருக்கு உரியது, ஒன்றற்கும் மற்றதற்கும் தொடர்பில்லை என்றே நம்மிற் பலரும் எண்ணியிருக்கின்றோம். அரசு ஒதுங்கி நின்றாற் போதும், வாணிகம் தானே தழைக்கும் என்பார் ஒரு சாரார். எல்லாவற்றையும் அரசே ஏற்று நடத்தினால் மக்கள் துன்பம் தீரும் என்பார் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றும் பாதி உண்மையே. சந்தை செவ்வனே நடத்தற்குச் சபை வேண்டும்; சபை அஞ்சாது இயங்குதற்குச் சந்தை வேண்டும். இதனை நம் நாடு கடந்து வந்த பாதையைக் கொண்டு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழாசிரியனுக்குப் பொருளியலில் என்ன வேலை என்று வினவுவாரும் உளர். திருவள்ளுவர் வணிகருக்குரிய நெறியைக் கூறும் குறளைப் பொருட்பாலிலே வைத்தாரல்லர். அறத்துப்பாலிலே, நடுவு நிலைமை என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளாக அதனை அமைத்தார். பிறர் பொருளையும் தம் பொருள்போற் பேணுதலே வாணிகம் என்ற அக்கருத்தும், ஒருபாற் கோடாது நிற்றல் என்ற அரசியலறமும் ஓரதிகாரத்திலே உடனுறைகின்றன. சந்தைக்கும் சபைக்கும் வேர் ஒன்றே என்பதை உணர்த்துதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ? ஆதலின் இப்பொருள்பற்றி எழுதுதல் என் எல்லையை மீறியதாகாது எனக் கருதுகின்றேன்.

முதற்கண் சந்தைக்குச் சபை ஏன் வேண்டும் என்பதைக் காண்போம். ஒரு விடியற்காலையில் யாழ்ப்பாணக் குடாநாட்டுச் சந்தை ஒன்றிற்குச் செல்வோம். கமக்காரர் ஒருவர் கத்தரிக்காய் மூட்டையோடு வந்து இறங்குகின்றார். அவருடைய பொருள் தராசில் ஏறுகின்றது. அத்தராசு நேர்மையானதென்று அவர் நம்ப வேண்டும். விலை பேசப்படுகின்றது. அண்டைச் சந்தையில் அன்று என்ன விலை என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பணம் கைக்கு வருகின்றது. அக்கடதாசித் தாள் அடுத்த மாதத்திலும் ஏறக்குறைய அதே பெறுமதியோடு இருக்கும் என்ற உறுதி வேண்டும். கடனாகக் கொடுத்தாராயின் அதனை மீட்டுத் தர ஒரு நீதிமன்றம் வேண்டும். பணத்தை மடியிற் கட்டிக்கொண்டு வீடு திரும்பும் வழியிற் பறிகொடாதிருக்கக் காவல் வேண்டும். அளவு, செய்தி, நாணயம், நீதி, காவல் என்னும் இவ்வைந்தும் இன்றிச் சந்தை ஒரு நாளும் நடவாது. ஆயினும் இவ்வைந்தனுள் எதனையும் சந்தையிலே விலை கொடுத்து வாங்க முடியாது. விலைக்கு வாங்கப்படும் நீதி நீதியாகாது. விலைக்கு வாங்கப்படும் தராசும் தராசாகாது. இவற்றைப் பொதுவில் நின்று அளிப்பது அரசேயாம்.

ஓர் உதாரணம் கூறுவேன். நம் சந்தைகள் சிலவற்றிலே, பத்துக் கிலோவிற்கு ஒரு கிலோ "கழிவு" என்று கழித்துக்கொண்டே மரக்கறி கொள்வனவு செய்யும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வந்தது. பத்து மூட்டைக்கு உழைத்தவர் ஒன்பது மூட்டைக்கே பணம் பெற்றார். இதனை ஒரு கமக்காரர் தனித்து நின்று எதிர்த்தாராயின், அவருடைய பொருளை எவரும் தொடார். மாலைக்குள் அது வாடிப்போம். விரும்பினாற் கொடு, இன்றேற் கொண்டு போ என்பது பார்வைக்குச் சுதந்திரம் போலத் தோன்றும். ஒருவரிடம் வாடும் பொருளும் மற்றவரிடம் வாடாப் பணமும் இருக்கும் இடத்தில் அது சுதந்திரமாகாது. இக்குறையைத் தீர்க்கும் ஆற்றல் பொது விதி ஒன்றிற்கே உண்டு. சந்தையை மேற்பார்வை செய்யும் பிரதேச சபையைத் தெரிவு செய்பவர்கள் அக்கமக்காரரும் அவர் அயலவருமேயாதலால், விதியைக் கேட்கும் உரிமையும் அவர்களிடமே உள்ளது. அவ்வுரிமை எப்போதும் உயிரோடு இருந்ததன்று. 2023ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் உள்ளூராட்சிச் சபைகளின் காலம் முடிந்தது. பணமில்லை என்ற காரணங்காட்டித் தேர்தல் ஒத்திவைக்கப்பட்டது. 2025ஆம் ஆண்டு மே மாதம் 6ஆந் திகதிவரை நாட்டின் சந்தைகளும் வீதிகளும் வாசிகசாலைகளும், மக்கள் தெரிவு செய்த உறுப்பினர் இன்றியே நிருவகிக்கப்பட்டன. அத்தேர்தலை நடத்தாமை அடிப்படை உரிமை மீறல் என்று 2024ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தமை நினைவில் வைக்கற்பாலது.

அரசு காவலன் எனின், காவலனே கள்வனாயின் என் செய்வது? வணிகனுக்குப் பேரச்சம் விளைப்பது கடற்புயலன்று. கணக்குக் கேட்பாரற்ற அரசே. இங்கிலாந்து தேசத்து வரலாறு இதற்கு நல்ல சான்று. 1672ஆம் ஆண்டில் இரண்டாம் சாள்சு மன்னன், தனக்குக் கடன் கொடுத்த பொற்கொல்ல வங்கியாளருக்குச் செலுத்தவேண்டிய பணத்தை நிறுத்திவைத்தான். மன்னனை வழக்கிலே நிறுத்துவார் யார்? அவருட் பலர் நொடித்துப் போயினர். 1688ஆம் ஆண்டுப் புரட்சியின் பின்னர், வரி விதித்தலும் பணம் செலவிடுதலும் பாராளுமன்றத்தின் சம்மதத்தோடு நடைபெறல் வேண்டும் என்ற நெறி நிலைபெற்றது. 1694ஆம் ஆண்டில் இங்கிலாந்து வங்கி அரசாங்கத்திற்கு 12 இலட்சம் பவுண் கடன் கொடுத்தபோது வட்டி நூற்றுக்கு 8 வீதமாக இருந்தது. 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே அவ்வரசு ஏறத்தாழ 3 வீத வட்டிக்குக் கடன் பெற முடிந்தது. அரசனுடைய கையைக் கட்டியதால் அரசனுடைய வாக்குக்கு மதிப்பு உயர்ந்தது. அந்நாட் பாராளுமன்றம் செல்வர் சிலருடைய பாராளுமன்றமே. ஏழைக்கு அங்கே வாக்கில்லை. ஆயினும், கணக்குக் காட்டும் அரசையே வணிகர் நம்புவர் என்ற முதற்பாடம் அங்கே எழுதப்பட்டது.

இப்பாடம் நம் முன்னோருக்கும் புதியதன்று. 10ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலே, முதலாம் பராந்தக சோழன் காலத்தில், உத்தரமேரூர்ச் சபையார் குடவோலை முறையால் வாரியங்களைத் தெரிந்தெடுத்த செய்தியை அவ்வூர்க் கல்வெட்டுக் கூறுகின்றது. காணி உடையோரும் வேதங்கற்றோரும் மாத்திரமே ஆண்டு வந்த சபை அது. அதனை இன்றைய சனநாயகம் என்று புகழ்தல் மிகையாகும். ஆயினும் அக்கல்வெட்டிலுள்ள விதி ஒன்று நம் நாட்பாராளுமன்றங்களும் கற்கத்தக்கது. முன்பு வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதிருந்தவரும், அவருடைய உறவினருங்கூட, மீண்டும் குடத்திற் பெயரிடப்படுதற்குத் தகுதியற்றோர் என்பதே அவ்விதி.

இனிச் சபைக்குச் சந்தை ஏன் வேண்டும் என்று வினவுவோம். ஒருவனுடைய அரிசி, வேலை, வீடு, அவன் வாசிக்கும் பத்திரிகை ஆகிய யாவும் ஒரே கையிலிருந்து வருமாயின், அக்கையை அவன் எங்ஙனம் எதிர்ப்பான்? வாக்குச்சீட்டிலே புள்ளடியிடும் சுதந்திரம், உலையிலே அரிசியிடும் சுதந்திரத்தைப் பற்றுக்கோடாகக் கொண்டது. ஆள்வோரை அண்டாமலே சீவிக்கக்கூடிய ஆசிரியரும் கமக்காரரும் கடைக்காரரும் அச்சகத்தாரும் இருக்கும் நாட்டிலேதான் எதிர்க்கட்சி என ஒன்று உயிர்வாழும். விலை என்பதும் ஒருவகை வாக்கேயாம். ஒரு பொருள் எங்கே குறைவாயிருக்கின்றது, எங்கே மிகுந்திருக்கின்றது என்பதை ஆயிரம் உத்தியோகத்தர் எழுதும் அறிக்கையினும் விரைவாக விலை உணர்த்தும். அவ்வாயை அடைத்தால் ஆள்வோரின் செவியும் உடன் அடைபடும்.

1970 முதல் 1977 வரையுள்ள காலம் இதற்கு எடுத்துக்காட்டு. இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டமையால் செத்தல் மிளகாய்க்கும் வெங்காயத்திற்கும் உருளைக்கிழங்கிற்கும் நல்ல விலை கிடைத்தது. வடபகுதிக் கமக்காரர் கல்வீடு கட்டினர், பிள்ளைகளைப் படிப்பித்தனர். அந்நன்மையை மறுத்தல் நன்றியன்று. ஆயின் அதே காலத்திலே மக்கள் பாணுக்கு விடியற்காலையில் வரிசையில் நின்றனர். அரிசியைப் பிரதேசம்விட்டுப் பிரதேசம் கொண்டு செல்வதற்குத் தடையிருந்தது. வேலை வேண்டுவோர் பாராளுமன்ற உறுப்பினரின் கடிதத்திற்காக அலைந்தனர். 1973ஆம் ஆண்டில் நாட்டின் மிகப் பெரிய பத்திரிகை நிறுவனமாகிய லேக் ஹவுஸ் அரசின் ஆதிக்கத்திற்குட்பட்டது. 1970ஆம் ஆண்டில் ஐந்தாண்டுக்கெனத் தெரிவான பாராளுமன்றம், 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பின் துணைகொண்டு 1977 வரை தன் ஆயுளை நீட்டிக்கொண்டது. சந்தை சுருங்கச் சபையும் உடன் சுருங்கியது. 1977ஆம் ஆண்டு சூலை மாதத்தில் வாக்களிக்கும் வாய்ப்பு வந்தபோது, எதிர்க்கட்சி 168 ஆசனங்களுள் 140 ஆசனங்களை வென்றது.

ஆயின் அதன் பின் நிகழ்ந்தது மறுதலைப் பாடம். 1977ஆம் ஆண்டின் இறுதியிலே திறந்த பொருளாதாரம் வந்தது. கடைகளிலே பொருள் நிறைந்தது. சபையிலோ அதிகாரம் ஒருவர் கையிற் குவிந்தது. 1982ஆம் ஆண்டு திசெம்பரில், பொதுத்தேர்தலுக்குப் பதிலாகச் சர்வசன வாக்கெடுப்பு ஒன்று நடத்தப்பட்டுப் பாராளுமன்றத்தின் காலம் மேலும் ஆறாண்டு நீட்டப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டிலே யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தது. அடுத்த ஆண்டு சூலையிலே கொழும்பிலும் பிறவிடங்களிலும் தமிழருடைய கடைகளும் தொழிற்சாலைகளும் எரிந்தன. திறந்த சந்தையின் நடுவிலே ஒரு கடைக்காரர் தம் பெயர் காரணமாக யாவற்றையும் இழந்தார். அவருக்கு உரிமப் பத்திரம் இருந்தது. வங்கிக் கணக்கு இருந்தது. வரி செலுத்திய பற்றுச்சீட்டு இருந்தது. யாவர்க்கும் ஒன்றாகிய சட்டம் ஒன்றே அவருக்கு இருந்ததில்லை. சட்டத்தின் முன் சமன்மை இல்லாத நாட்டிற் சந்தைச் சுதந்திரம் பெரும்பான்மையோரின் பொறுமையைச் சார்ந்த சலுகையே என்பதை அந்நாட்கள் கற்பித்தன.

அதன்பின் வந்த போர்க்காலத்திலே குடாநாட்டில் வளர்ந்தவர்களுக்குச் சந்தையும் சபையும் ஒருங்கே இல்லாமை எத்தன்மைத்து என்பதை எவரும் விளக்க வேண்டுவதில்லை. மண்ணெண்ணெயும் மின்கலமும் சீமெந்தும் உரமும் தடைப்பட்டன. பஞ்சுத்திரியிட்ட போத்தல் விளக்கில் நாம் பரீட்சைக்குப் படித்தோம். துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். ஒரு சவர்க்காரக் கட்டியின் விலையை எங்கோ வைக்கப்பட்ட தடைமுகாம் ஒன்று தீர்மானித்தது. அத்தடையை விதித்தோரிடத்தும், உள்ளே வரி அறவிட்டோரிடத்தும், ஏன் என்று கேட்பதற்கு நமக்கு வாக்கும் இல்லை, வாயும் இல்லை.

சபை இருந்தாற் பட்டினியைத் தடுக்கலாகுமோ என்ற வினாவிற்கு, இரண்டாம் உலகயுத்தம் ஓர் ஒப்புநோக்கைத் தருகின்றது. 1942ஆம் ஆண்டில் பர்மா சப்பானியர் கையில் வீழ்ந்தபோது, அந்நாட்டரிசியை நம்பியிருந்த இலங்கையும் வங்காளமும் ஒருங்கே இடர்ப்பட்டன. வங்காளத்தில் 1943ஆம் ஆண்டிலே 20 இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். பொருளியலறிஞர் அமர்த்தியா சென் சிறுவனாக அக்கொடுமையைக் கண்டவர். உணவு முற்றாக அற்றமையினும், ஏறிய விலைக்கு வாங்கும் வலி ஏழைத் தொழிலாளரிடம் அற்றமையே அழிவுக்குக் காரணம் என்று 1981ஆம் ஆண்டு வெளியான தம் நூலிலே அவர் காட்டினார். தேர்தலும் பத்திரிகைச் சுதந்திரமும் நிலவும் நாட்டிற் பெரும்பஞ்சம் நேர்ந்ததில்லை என்பதும் அவர் துணிபு. இலங்கையிலோ 1931 முதல் சர்வசன வாக்குரிமை இருந்தது. ஆணும் பெண்ணும் தெரிவு செய்த அரசாங்க சபை இருந்தது. 1942ஆம் ஆண்டிலே பங்கீட்டு முறை வந்தது. ஊர்தோறும் கூட்டுறவுச் சங்கக்கடைகள் தோன்றின. துன்பம் இருந்தது; வங்காளத்திற் போன்ற பஞ்சம் இல்லை. இரு நாட்டின் பரப்பும் யுத்தச் சூழலும் வேறாயினும், அடுத்த தேர்தலில் முகங்கொடுக்க வேண்டியவர் ஆட்சியில் இருந்தமை இவ்வேறுபாட்டின் காரணங்களுள் ஒன்றென்பது என் கருத்து.

இங்கே ஐயம் ஒன்று எழும். வாக்குக்கு அஞ்சும் சபை, கசப்பான உண்மையைக் கூறுமோ? 1953ஆம் ஆண்டிலே, பங்கீட்டரிசியின் விலை கொத்து ஒன்றிற்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக ஒரேயடியாக உயர்த்தப்பட்டது. திறைசேரி தாங்காது என்பது அரசின் நியாயம். கணக்கில் அந்நியாயம் பொய்யன்று. ஆயினும் மக்களோடு கலந்து பேசாது, அவர்களை ஆயத்தஞ் செய்யாது விதிக்கப்பட்ட அவ்விலை, ஆகத்து 12ஆந் திகதி ஹர்த்தாலில் முடிந்தது. பலர் உயிரிழந்தனர், அமைச்சரவை துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலிற் கூடியது, ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். இதிலிருந்து பின்வந்த அரசியலாளர் பலர் கற்ற பாடம் பிழையானது. விலையின் உண்மையை மக்களுக்கு முற்கூட்டி விளக்க வேண்டும் என்று கற்பதற்குப் பதிலாக, அவ்வுண்மையைச் சொல்லவே கூடாது என்று கற்றனர்.

அப்பிழையின் முழு விலையை நாம் 2022ஆம் ஆண்டிற் செலுத்தினோம். 2019ஆம் ஆண்டு இறுதியிலே பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைக்கப்பட்டது. கேட்டவர் மகிழ்ந்தனர், இடைவெளியை எதனால் நிரப்புவது என்று கேட்டவர் சிலரே. பற்றாக்குறை பணம் அச்சிட்டு நிரப்பப்பட்டது. 2020ஆம் ஆண்டில் 20ஆவது திருத்தம் சனாதிபதியின் அதிகாரத்தை மேலும் பெருக்கிற்று. 2021ஆம் ஆண்டு மே மாதத்திலே, கமக்காரரைக் கேளாமலே இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டபோது பயிருக்குரிய காலம் போயிருந்தது. டொலரின் விலை ஏறத்தாழ 200 ரூபாவிலே கட்டிவைக்கப்பட்டது. உண்மை விலை வேறாயிருந்தமையால் வெளிநாட்டிலுள்ள உறவினர் அனுப்பிய பணம் வங்கிகளை விட்டு உண்டியல் வழியிற் சென்றது; வங்கியிலே டொலர் அற்றது; டொலர் அறவே எண்ணெயும் எரிவாயுவும் மருந்தும் அற்றன. 2022ஆம் ஆண்டு ஏப்பிரில் 12ஆந் திகதி வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென அரசு அறிவித்தது. அவ்வாண்டு செத்தெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தை அணுகியது. உணவுப் பொருள்களின் விலையேற்றம் 95 வீதத்தை எட்டியது. ஓய்வூதியம் பெற்ற ஆசிரியர் ஒருவரின் வாழ்நாட் சேமிப்பு, எவரும் திருடாமலே பாதியாயிற்று.

இங்கே கெட்டது யாது? சந்தை விலை என்னும் வாயால் எச்சரித்தது, அவ்வாய் கட்டப்பட்டது. அறிஞர் எச்சரித்தனர், சபை செவி சாய்க்கவில்லை. பொதுநிதியின்மேற் பூரண கட்டுப்பாடு பாராளுமன்றத்திற்கே உரியதென்று நம் அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரை கூறுகின்றது. அவ்வுறுப்புரை ஏட்டிலே இருந்தது. அதனைக் கையாள வேண்டியோர் கை உயர்த்துவதோடு அமைந்தனர். ஆயினும் நம் சனநாயகம் முற்றாக மாண்டிலது. மக்கள் வீதிக்கு வந்தனர். சூலை மாதத்தில் சனாதிபதி பதவி விலகினார். பின்னவர் அரசியலமைப்பின் வழியே தெரிவானார். 2024ஆம் ஆண்டிலே தேர்தல்மூலம் ஆட்சி மாறியது. 2023ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம் மத்திய வங்கிக்குச் சுதந்திரமளித்து, அரசுக்கெனப் பணம் அச்சிடுதலைத் தடுத்தது. அவ்வாண்டு நவம்பரிலே உயர் நீதிமன்றம், பொருளாதாரச் சீர்குலைவுக்குப் பொறுப்பான முன்னாள் ஆட்சியாளர் பொதுமக்களின் நம்பிக்கையை மீறினர் எனத் தீர்ப்பளித்தது. நாணயத்தின் பெறுமதியும் மக்களின் உரிமையும் ஒரே வழக்கின் இரு பக்கங்கள் என்பதை நாட்டின் உயர்ந்த நீதிமன்றமே உணர்த்தியது எனலாம்.

ஒன்று மறத்தலாகாது. சந்தையிற் பெருஞ்செல்வம் ஈட்டியோர் சபையையே விலைக்கு வாங்க முற்படுதலும் உண்டு. தேர்தற் செலவிற்குப் பணம் கொடுத்தவர், பின்னர் இறக்குமதி வரியிற் சலுகையாக அதனை வட்டியோடு அறவிடுவார். அவ்வாறு சலுகை பெற்றவர் வணிகரல்லர். போட்டிக்கு அஞ்சி அரசின் நிழலில் ஒதுங்கியவர். 2023ஆம் ஆண்டிலே தேர்தற் செலவை ஒழுங்குபடுத்தும் சட்டம் இயற்றப்பட்டமை இந்நோய்க்கு மருந்தாகலாம். மருந்தை உண்டாற்றான் நோய் தீரும். சந்தையும் சபையும் ஒன்றையொன்று தாங்க வேண்டுமேயன்றி ஒன்றையொன்று விழுங்கலாகாது.

மாணவர்களே, இவையெல்லாம் அமைச்சருக்கும் வங்கியாளருக்கும் உரிய விடயங்கள் என்று ஒதுங்கிவிடாதீர்கள். கடைக்குச் சென்றாற் பற்றுச்சீட்டைக் கேளுங்கள், தராசைப் பாருங்கள். உங்கள் பிரதேச சபையின் வரவு செலவுத் திட்டம் பூட்டிவைக்கப்பட்ட இரகசியமன்று. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எந்தப் பிரசையும் எழுதிக் கேட்கலாம். குறைந்த வரியும் நிறைந்த சலுகையும் தருவோம் என்று ஒருவர் மேடையிலே கூறினால், கைதட்டுமுன் "எங்கிருந்து?" என்ற ஒரு சொல்லைக் கேளுங்கள். வணிகம் செய்யும் பழைய மாணவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். சலுகையைத் தேடி ஆள்வோரின் வாயிலிற் காத்திராது, அனைவர்க்கும் ஒன்றாகிய விதியைக் கேட்டு நில்லுங்கள். அஃது உங்களுக்குப் போட்டியாக நாளை வரவிருக்கும் ஏழைச் சிறுவனுக்கும் பயன்படும். அவனும் இக்கல்லூரியின் வாங்கிலே இருந்தவனாக இருக்கலாம்.

தராசின் முள் நடுவிலே நிற்குமட்டுமே சந்தை சந்தையாகும், சபையும் அத்தகையதே. அம்முள் சாயாதபடி காத்தற்கு நம்மையன்றி வேறு காவலர் இல்லை.